திருமுருகன்பூண்டியில் செய்து வாங்கிய நினைவுக்கல்: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அவசரம் இல்லாதவர்கள் மட்டும் போங்கள். அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் வழியில் திருமுருகன்பூண்டி சிற்பப் பட்டறைகளைப் பார்க்காத கொங்குக்காரர் குறைவு. ரோட்டோரம் பிள்ளையாரும் நந்தியும் பாதி உருவத்தில் வெயிலில் நிற்கும். அங்கே ஒரு சின்னப் பட்டறையில்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கல் செய்து வாங்கினோம். போர்டு கூட இல்லாத தகரக் கொட்டகை, அதனால் கடைப் பேர் என்று சொல்ல ஒன்றுமில்லை.

நான் கோயமுத்தூரில் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி வார்டு நர்ஸ். நாய், பூனை அதிகம், சுற்று ஊர்களிலிருந்து மாடும் ஆடும் வரும். எங்களோடு வேலை பார்த்த இரண்டு பேர் அடுத்தடுத்து போய்விட்டார்கள். அண்ணனுக்கு மாரடைப்பு, அக்காவுக்குப் புற்றுநோய். அண்ணன் போனபோது வழக்கம் போல கேட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினோம், வெயிலில் ஆறே மாதத்தில் முகம் வெளுத்துப் போனது. அப்புறம் மேனேஜ்மென்ட் நல்ல மனசோடு ஒரு அக்ரிலிக் போர்டு மாட்டிக் கொடுத்தது. பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் எங்கள் வார்டில் சுவரில் இருக்கும் எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிற பழக்கம், அக்ரிலிக்குக்கு ஸ்பிரிட் ஆகவே ஆகாது, கொஞ்ச நாளில் உள்ளுக்குள்ளேயே மயிரிழை மாதிரி விரிசல் ஓடி அண்ணன் போட்டோவின் நெற்றிக்குக் குறுக்கே வந்து நின்றது. பித்தளைத் தகடு போடலாம் என்று ஒருவர் சொன்னார். அதுவும் தேறாது. பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி ஒன்று படுத்துப் போனால் அந்த அறையை பிளீச் கலந்து கழுவியாக வேண்டும். சாதாரண ஃபினாயிலை நம்பி அந்த வைரஸை விட்டால் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அந்த பிளீச் தெறித்தால் பித்தளை கறுத்துப் பச்சை பூத்துவிடும். கடைசியில் கருங்கல்தான் என்று முடிவானது.

சரி, பட்டறைக்கு வருவோம். அதற்கு முன் டவுன் ஹால் பக்கம் கம்ப்யூட்டரில் லேசர் வைத்து எழுதிக் கொடுக்கும் ஒரு கடைக்கும் போய்ப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார்கள், போட்டோவே கல்லில் அப்படியே விழும். ஆனால் அவர்களிடம் இருக்கும் டிசைன் எல்லாம் ஒரே அச்சு: மேலே குத்துவிளக்கு, கண்ணீர் அஞ்சலி, தோற்றம், மறைவு, கீழே பிரிவால் வாடும் மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள். கூட வேலை பார்த்தவர்கள் எங்கே நிற்பது? கேட்டதற்கு, "உற்றார் உறவினர்னு ஒரு வரி இருக்குதுங்களே, அதுக்குள்ள வந்துருவீங்க" என்றார் அந்தப் பையன். சிரிப்புதான் வந்தது, அவர் மேல் தப்பில்லை.

பூண்டிப் பட்டறையில் கல் செதுக்கும் பெரியவர் முதலில் கேட்டதே வேறு கேள்வி. "ஏனுங்க, அவங்க ரெண்டு பேரும் என்ன வேலை பார்த்தாங்க?" நாங்கள் சொல்லச் சொல்ல உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணன் காங்கேயம் பக்கத்துக்காரர். படிப்பு அதிகமில்லை, ஆனால் கயிறு அவர் கையில் இருந்தால் டாக்டர் தைரியமாகக் கிட்டப் போவார். கழுத்தில் ஒரு சுற்று, நெஞ்சுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று போட்டுப் பின்னாலிருந்து சீராக இழுத்தால் எவ்வளவு முரட்டுக் காளையும் மெதுவாக உட்கார்ந்து படுத்துவிடும். வெடுக்கென்று இழுக்கிறவர்களைத் திட்டுவார். ராத்திரி போன் அடித்தால் அவர்தான் எடுப்பார். மாடு திடீரென்று விழுந்து மூச்சு வாங்குது என்று யாராவது கத்தினால் இவர் நிதானமாக, "எந்தக் காட்டுல மேஞ்சுதுங்க? சோளத்தட்டு பூ எடுத்துருச்சா, இல்ல இளசா?" என்பார். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு விஷம் ஏறியிருக்கும், மேய்ந்த மாடு கொஞ்ச நேரத்தில் போய்விடும். அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியால், வண்டி கேட்டுக்குள் நுழையும் முன்பே அந்த விஷத்துக்கு முறிவு மருந்தான சோடியம் நைட்ரைட்டும் தயோசல்ஃபேட்டும் சிரிஞ்சில் ஏறி டாக்டர் கைக்கு வந்துவிடும்.

அக்கா நேர் எதிர். பேச்சே குறைவு. நாயைத் தூக்கி வந்தவுடன் உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுவார். ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பிச் சிவக்க வேண்டும், சிவக்கவில்லை என்றால் அவர் நடையே மாறிவிடும். பாம்புக்கடி கேஸ் என்றால் சுத்தமான கண்ணாடி டியூபில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஸ்டாண்டில் வைத்து இருபது நிமிடம் அசைக்காமல் விட வேண்டும். அப்புறம் ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்த்தால், உறையாமல் ஓடினால் விரியன் கடி என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த இருபது நிமிடம் நாய் வைத்திருப்பவர் அழுவார், டாக்டர் குறுக்கும் நெடுக்கும் நடப்பார், யாராவது பொறுமை இழந்து டியூபைத் தொடப் போவார்கள். அக்கா அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தொட்டுப் பாருங்கள் பார்க்கலாம். மற்ற நேரத்தில் அதிர்ந்து பேசாத மனுஷி அப்போது மட்டும் டாக்டரையே முறைத்தவர்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர் சாக்பீஸில் கல் மேல் ஒரு காளை வரைந்தார். திமில், கொம்பின் வளைவு எல்லாம் அசல் காங்கேயம். ஆனால் காலமெல்லாம் நந்தி செய்த கை, கழுத்தில் மணியும் முதுகில் சலங்கை மாலையும் தானாக வந்துவிட்டது. அதெல்லாம் வேண்டாம், அண்ணன் கயிற்றில் படுத்த மாடு மாதிரி வரைந்து கொடுங்கள் என்றோம். மனுஷன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "சாஞ்ச மாட்டைக் கல்லுல வெக்கக் கூடாதுங் சாமி." கடைசியில் மூக்கணாங்கயிறோடு நிற்கிற மாடு என்று சமாதானமானது. அக்காவுக்காக வரையச் சொன்ன டியூப் அவருக்குப் புரியவில்லை, நாங்கள் ஒரு டியூபைக் கொண்டுபோய்க் காட்டினோம், அதை விளக்குத் திரி மாதிரி செதுக்கி வைத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியும் அது என்ன என்று, போதும்.

பேசிக்கொண்டே அவர் சொன்னது இது. பட்டி மாட்டைக் காக்கப் போய்ப் புலியோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு இந்தப் பக்கம் கல் நட்டிருக்கிறார்களாம். அவர் சொல்வது கதையில்லை, கொங்கு நாட்டில் பல ஊர்களில் புலிகுத்திக் கல் இன்றும் நிற்கிறது, ஒரு வீரன் புலியைக் குத்துகிற மாதிரி. ஆக மாட்டுக்காக உழைத்தவருக்குக் கல் வெட்டுவது அவருக்குப் புது வேலையே இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸுக்கு எதற்குக் கல் என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் கேட்டார்கள், அவர் கேட்கவில்லை.

இப்போது குறைகள். சொன்ன தேதிக்குக் கல் வரவில்லை. தை பிறந்தால் கும்பாபிஷேக வேலைகள் குவிந்துவிடும், சாமிக்கு முன்னால் நமக்கு வரிசை கிடையாது. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். விலை எழுத்துக் கணக்கு, இங்கே கொஞ்சம் கவனம் தேவை. "கொ" என்பது ஒரு எழுத்தா, கொம்பும் காலும் சேர்த்து மூன்றா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எங்களுக்கு ஒன்றாகத்தான் போட்டார், புள்ளிக்கும் காசில்லை. இரண்டடிக்கு ஒன்றரையடி கல், செதுக்கல், எழுத்து, வெள்ளைப் பெயிண்ட் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்குள் முடிந்தது. லேசர் கடையில் இதை விடக் குறைவுதான். ஆனால் லேசரில் எழுத்து ஆழமில்லாமல் மேலோட்டமாகத்தான் இருக்கும், இங்கே உளி ஆழமாக இறங்கியிருக்கிறது, பெயிண்ட் போனாலும் விரலால் தடவிப் படிக்கலாம், திரும்ப நாமே பூசிக்கொள்ளலாம். எழுத்துப் பிழை பார்க்க ஒரே வாய்ப்புதான், பென்சிலில் எழுதிக் காட்டும்போது. "கால்நடை"யைக் கால் தனியாக நடை தனியாக எழுதியிருந்தார், அப்போதே சேர்த்து எழுதச் சொன்னோம். கல்லில் விழுந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பேருக்குக் கீழே ஆளுக்கு ஒரு வரி. அண்ணனுக்கு "கயிறு பிடித்தவர்", அக்காவுக்கு "இருபது நிமிடம் காத்தவர்". அடியில் "உடன் வேலை பார்த்தவர்கள்" என்று மட்டும். கீழே இன்னும் பேர் வெட்ட இடம் விடட்டுமா என்று பெரியவர் சாதாரணமாகக் கேட்டார், எங்களுக்குள் அரை மணி நேரம் வாக்குவாதம். காலி இடம் விட்டால் அது யாருக்கு என்று தினமும் கண் போகும் என்றார்கள் சிலர். எனக்கு அதில் பயமில்லை, விட வேண்டும் என்றுதான் சொன்னேன். ஓட்டில் தோற்றேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இந்த அளவுக் கல் பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும், வெறும் பசை போட்டு ஒட்டாதீர்கள், ஜிப்சம் தடுப்பில் மாட்டவே மாட்டாதீர்கள், செங்கல் சுவரில் கிளாம்ப் அடித்துத்தான் நிறுத்த வேண்டும். வரவேற்பறையிலும் வேண்டாம். உயிருக்குப் போராடுகிற நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர் முதலில் செத்தவர் பேரைப் படிக்கக் கூடாது என்று எங்கள் பெரிய டாக்டர் சொன்னார், அது நியாயம். எங்கள் கல் ட்யூட்டி ரூம் வாசலில், மருந்து டிராலி நிற்கும் இடத்துக்கு மேலே இருக்கிறது. பிளீச் பட்டும் இதுவரை கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாட்டின் கண்ணில் மட்டும் வெள்ளைப் பெயிண்ட் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, அடுத்த லீவில் ஒரு சின்ன டப்பா வாங்கிப் பூச வேண்டும்.