வரவுக்கு மட்டும் இடம் வைத்த குறிப்பேடு: 90 நாள் எழுதிப் பார்த்த பிறகு

கணக்கெழுதுவது என் தொழில். 31 வருடமாகப் பேரேடும் ரசீதுமாகவே இருப்பவன் கையில் பூப்போட்ட அட்டையோடு ஒரு 'நன்றி ஜெபக் குறிப்பேட்டை'க் கொடுத்தால் முதலில் என்ன செய்வான்? பக்கத்தை எண்ணுவான். எண்ணினேன். 90 நாளுக்கு 90 பக்கம், முன்னுரை நான்கு பக்கம், கடைசியில் வெறும் தாள் ஆறு.

வாங்கி வந்தது என் மனைவி. அவளுக்கு மார்பில் ஒரு கட்டி தென்பட்டு, திசுவை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரம். கட்டி அவளுக்கு, தூக்கம் போனது எனக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துச் சலித்துப்போய், "இதுலயாவது எதையாவது எழுதுங்க" என்று மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தாள் நல்ல தடிமன். மைப்பேனாவால் எழுதினாலும் பின்பக்கம் ஊறவில்லை. தையல்தான் மோசம். 40ஆம் நாளைத் தாண்டியதும் நடுத்தாள்கள் கழன்று வந்தன, பசை போட்டு ஒட்டினேன். பக்கத்தைக் குறிக்க ஒரு ரிப்பன் இருக்கிறது, உதவுகிறது. பக்கத்தின் மேலே ஒரு வசனம், அதன் கீழே 'இன்று ஸ்தோத்திரம் சொல்ல மூன்று காரியங்கள்' (ஸ்தோத்திரம் என்றால் கடவுளுக்குச் சொல்லும் நன்றி) என்று மூன்று கோடு, அடியில் ஐந்து குட்டி முகங்கள். சிரிப்பதில் தொடங்கி அழுவதில் முடியும், அன்றைய மனநிலைக்கு வட்டம் போட வேண்டுமாம். 54 வயதில் அதெல்லாம் எனக்குக் கைவரவில்லை.

முன்னுரையில் ஓர் ஆராய்ச்சியைக் காட்டியிருக்கிறார்கள். எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்டது. நன்றியுள்ள விஷயங்களை எழுதிவந்தவர்கள், தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள் என்பது அதில் உண்மைதான். ஆனால் முன்னுரை அதைச் சொல்லும் விதத்தில், கடவுளுக்கு நன்றி சொன்னால் கவலை தீரும் என்று விஞ்ஞானமே முத்திரை குத்திவிட்டது போல இருக்கிறது. அந்த ஆராய்ச்சி கடவுளைப் பற்றியதே அல்ல. முதல் பரிசோதனையில் கல்லூரி மாணவர்கள் வாரம் ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து விஷயங்கள் என்று பத்து வாரம் எழுதினார்கள். மூன்றாவதில் நரம்பு, தசை நோய் உள்ளவர்கள் தினமும், 21 நாள். எனக்கு அந்த மூன்றாவதுதான் முக்கியமாகப் பட்டது, உடம்புக்கு முடியாதவர்கள் எழுதியது என்பதால். முன்னுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, எழுதியது என்ன ஆயிற்று? முதல் ஐந்து நாளும் ஒரே பதிவு: குடும்பம், வேலை, ஜீவன். ஆறாம் நாள் புரட்டிப் பார்த்தபோது எனக்கே வெட்கம். ஒரே ரசீதை ஐந்து தடவை கணக்கில் ஏற்றியிருக்கிறேன். எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அன்றிலிருந்து ஒரு விதி வைத்தேன். அந்தத் தேதியில் நடந்ததை மட்டுமே எழுத வேண்டும். 'படியில் இன்று எனக்கு முன்னால் அவள் ஏறினாள்.' 'ரத்தம் எடுத்த பெண் இவள் பெயரைப் பிழையில்லாமல் கூப்பிட்டாள்.' 'மூன்றரை மணி நேரம் தூங்கினேன்.' இப்படி எழுத ஆரம்பித்ததும் பகலில் கண் தானாகவே தேட ஆரம்பித்தது. ராத்திரி பதிவு போட ஏதாவது வேண்டுமே!

12ஆம் நாளில் சிக்கல். அன்றைய பக்கத்தில் மூன்று கோட்டுக்கு மேலே அச்சாகியிருந்த வரி, உங்களை வாட்டும் பிரச்சினைக்காகவே மூன்று நன்றிகளை எழுதச் சொன்னது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவள் மார்பில் இருக்கும் கட்டிக்காக நான் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா? மேலே இருந்த பைபிள் வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18, 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்'. அதில் இருப்பது 'எல்லாவற்றிலேயும்'. அதற்குள் இருந்துகொண்டே ஸ்தோத்திரம் செய்யலாம், அதற்காகச் செய்ய வேண்டியதில்லை என்று அந்த ஒரு வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ராத்திரியை ஓட்டினேன். (எபேசியர் 5:20இல் 'எல்லாவற்றிற்காகவும்' என்றே இருக்கிறது. அதோடு இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

இந்தக் குறிப்பேட்டின் பெரிய குறை இதுதான்: வரவுக்கு இடம் இருக்கிறது, பற்றுக்கு இல்லை. பற்றே எழுதாத பேரேட்டை யாராவது நீட்டினால் நான் சந்தேகப்படுவேன். 13ஆம் நாள் அளவுகோலை எடுத்துப் பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் பயம், எரிச்சல், கேள்வி. வலது பக்கம் ஸ்தோத்திரம். இடதை முதலில் எழுதினேன். வலதை முதலில் எழுதிய நாட்களில் அது மனப்பாடச் செய்யுளாகவே வந்தது. இடதைக் கொட்டி முடித்த பிறகு வலதில் வந்தவை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் என் சொந்தப் பதிவு.

நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. சங்கீதம் என்று பைபிளில் இருக்கும் ஜெபப் பாட்டுகளில் 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை 'எதுவரைக்கும்' என்று பாடுகிறவன் கடவுளிடம் கேட்டுவிடுகிறான். நம்பிக்கையும் பாட்டும் கடைசி இரண்டு வசனத்தில்தான் வருகின்றன. 88ஆம் சங்கீதத்தில் அதுவும் இல்லை, கடைசி வரிவரை இடது பக்கம்தான். அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள். குறிப்பேட்டுக்கு வசனம் தேர்ந்தெடுத்தவர் சங்கீதங்களிலிருந்து நிறைய எடுத்திருக்கிறார், ஆனால் இனிப்பான வரிகளை மட்டும்.

15ஆம் நாள் காலையில் திறந்தால் அவள் கையெழுத்து. இடது பக்கம்: 'இவர் ராத்திரியெல்லாம் பேனாவைத் தட்டுகிறார்.' வலது பக்கம்: 'முழித்திருக்க வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது.' அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

முடிவு 19ஆம் நாள் வந்தது. என்ன முடிவு என்று இங்கே எழுதப்போவதில்லை. நல்ல முடிவு என்றால் குறிப்பேடு வேலை செய்தது என்பீர்கள், இல்லையென்றால் வீண் என்பீர்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்த 19 நாளில் பயம் குறையவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரிந்தது. முன்பெல்லாம் அது அறை முழுக்க நிற்கும். அப்புறம் அரைப் பக்கத்தில் நின்றது, மீதி அரைப் பக்கம் காலியாக இருந்தது.

வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண வாரத்தில் வாங்கித் தொடங்குங்கள். ராஜாவைத் தவிர யாரிடமும் வேண்டக் கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் வேதத்தில் வரும் தானியேல் மேலறைக்குப் போய் மூன்று வேளையும் ஸ்தோத்திரம் செய்தான், 'தான் முன் செய்துவந்தபடியே' என்று அங்கே எழுதியிருக்கிறது. எனக்கு முன் செய்துவந்தது எதுவும் இல்லாததால் முதல் வாரம் முழுக்கத் தடுமாற்றம். கடும் துக்கத்தில் இருப்பவருக்கு இதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள், அந்தச் சிரித்த முகங்களைப் பார்த்தால் தூக்கி எறியத் தோன்றும். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஓர் அளவுகோலையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒன்று தையலுக்காகக் குறைத்தேன், இன்னொன்று 12ஆம் பக்கத்துக்காக. 91ஆம் நாளிலிருந்து சாதாரணக் கணக்கு நோட்டுதான் எழுதுகிறேன். அதில் நடுக்கோடு அச்சாகியே வருகிறது. அவளும் அவ்வப்போது இடது பக்கத்தில் என்னைப் பற்றி எழுதிவிட்டுப் போகிறாள்.