போல்ட்-ஆன், செட் நெக், நெக்-த்ரூ: வீட்ல கிட்டார் செய்யறவங்களுக்கு எது ஒத்துவரும்?

வீட்லயே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்யப்போறேன்னு யாராவது சொன்னா உடனே என்ன மரம், என்ன பிக்கப் (கம்பி ஆட்டத்தை எடுக்கற காந்தம்)னுதான் பேச்சு போகும். அதெல்லாம் ரெண்டாவது. கழுத்தையும் பாடியையும் எப்படி சேர்க்கப்போறீங்கங்கறதுதான் முதல் முடிவு, ஏன்னா வாங்கற மரத்தோட நீளம், பிரிட்ஜ் (பாடி மேல கம்பியைத் தாங்கற பகுதி) எந்த வகை, ரூட்டர் (மரத்தைக் குடையற மெஷின்) வேணுமா இழைப்புளியே போதுமா, எல்லாம் அதை ஒட்டித்தான் வருது. வழி மூணு. ஸ்க்ரூ போட்டு முடுக்கற போல்ட்-ஆன், பசை போட்டு நிரந்தரமா ஒட்டற செட் நெக், கழுத்து மரமே பாடி நடுவுல கடைசி வரைக்கும் ஓடற நெக்-த்ரூ. ஃபேக்டரிக்கு எது நல்லதுங்கறது நமக்கு எதுக்கு, ஒரு பால்கனி, ஒரு மேசை, நாலஞ்சு கிளாம்ப், ஒரு சின்ன ரூட்டர் வச்சிருக்கற ஆளுக்கு எதுன்னு பாப்போம்.

சவுண்டு சண்டையை முதல்லயே முடிச்சுடலாம். ஒட்டுனா சஸ்டெய்ன் (சத்தம் நீடிச்சு நிக்கறது) ஜாஸ்தி, ஒரே மரமா இருந்தா இன்னும் ஜாஸ்தி, ஸ்க்ரூ போட்டா சத்தம் சீக்கிரம் செத்துடும்னு காலங்காலமா சொல்லிட்டு இருக்காங்க. ஆர்.எம். மொட்டோலான்னு ஒரு கிட்டார் தயாரிப்பாளர் 2007-ல இதை அளந்தே பாத்தார். கிடைச்ச வித்தியாசம் ரொம்ப சின்னது, அதுலயும் கொஞ்சம் முன்னாடி நின்னது போல்ட்-ஆன்தான். நம்ம ஊர் வீணையிலயும் இதே பேச்சு உண்டுங்க, ஒரே பலாமரத்துல குடைஞ்ச ஏகாண்ட வீணைக்கு இருக்கற மவுசு ஒட்டு வீணைக்கு கிடையாது, விலையும் எங்கயோ நிக்கும். ஆனா வீணைக்கு குடமே சத்தம் போடுது, அங்க அந்த வாதத்துல ஏதோ அர்த்தம் இருக்கலாம். இங்க காந்தத்துக்கு மேல கம்பி ஆடறதைத்தான் பிக்கப் எடுக்குது. அதனால சவுண்டை வச்சு ஜாயின்ட்டை தேர்ந்தெடுக்காதீங்க. வேலை தப்பாப் போனா எதைத் திரும்பப் பிரிக்க முடியும், நான் அதை மட்டும்தான் பாப்பேன்.

போல்ட்-ஆன்

ஸ்க்ரூ போட்ட கழுத்து 1930-கள்லயே ரிக்கன்பேக்கர் கம்பெனியோட பேக்கலைட் (ஒரு வகை பிளாஸ்டிக்) கிட்டார்ல வந்துடுச்சு, ஆனா ஊருக்கெல்லாம் பழக்கினது 1950-ல லியோ ஃபெண்டர். அவர் ரேடியோ ரிப்பேர்காரர், கிட்டார் வாசிக்கவே தெரியாது. கெட்டுப்போன பார்ட்டை கழட்டி வேற மாட்டணும்ங்கற ரிப்பேர்காரன் புத்திதான் அந்த டிசைன் முழுக்க இருக்கு, வீட்ல செய்யற நமக்கும் அதே புத்திதான் வேணும்.

அளவுகள் எல்லாம் வெளிப்படையா இருக்கறது பெரிய வசதி. பாடி சுமார் 45 மிமீ கனம், கழுத்தோட அடிப்பக்கம் 56 மிமீ அகலம், 25 மிமீ கனம், அது உக்கார்ற பாக்கெட் 16 மிமீ ஆழம். பிரிட்ஜ் தட்டையா பாடி மேல படுத்திருக்கும், அதனால கழுத்துக்கு சாய்வே தேவையில்ல, எல்லாமே நேர்கோடு. ஹெட்ஸ்டாக்கும் (கழுத்தோட தலைப்பகுதி) தட்டைதான், அதனால சாதாரண ஒரு இன்ச் பலகையிலேயே கழுத்தை வெட்டி எடுத்துடலாம்.

கஷ்டம் இருக்கறது பாக்கெட்ல மட்டும்தான். பாக்கெட் நீளம் 76 மிமீ சொச்சம், அதுக்குள்ள கழுத்து அரை மிமீ பக்கவாட்டுல ஆடினாலே பிரிட்ஜ் நடுக்கோட்டுல இருந்து ஒரு மிமீக்கு மேல தள்ளிடும், அப்புறம் சின்ன ஈ கம்பி (ஓரத்துல இருக்கற மெல்லிசு கம்பி) ஃபிரெட்போர்டு (ஃபிரெட்ங்கற குறுக்குக் கம்பிகள் பதிச்ச பலகை) ஓரத்துல வழுக்கி விழும், வாசிக்கும்போது எரிச்சலா வரும். அதனால நெட்ல கிடைக்கற டெம்ப்ளேட்டை பிரிண்ட் எடுத்து ஒட்டி வெட்டறதை விட, உங்க கையில இருக்கற கழுத்தையே வச்சு டெம்ப்ளேட் செய்யறது மேல். 12 மிமீ எம்டிஎஃப்ல (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை) மூணு பட்டை அறுத்து, கழுத்தோட ரெண்டு பக்கமும் அடிமுனையிலயும் நெருக்கமா நிறுத்தி, பட்டைகளை மட்டும் கீழ இன்னொரு எம்டிஎஃப் துண்டோட பசை போட்டுடுங்க, காஞ்சதும் கழுத்தை உருவிட்டா அச்சு அசல் அந்தக் கழுத்தோட வடிவம் ஓட்டையா நிக்கும். பேரிங் வச்ச ரூட்டர் பிட்டை (வெட்டற முனை) அந்த ஓரத்துலயே ஓட விட்டா பாக்கெட் ரெடி, ஆனா ஒரே பாஸ்ல 16 மிமீ இறக்காதீங்க, மூணு மிமீ மூணு மிமீயா இறங்குங்க. மரம் பிச்சுக்கறது எல்லாம் அவசரத்துலதான். சரியா வந்திருக்கான்னு பாக்க கழுத்தை பாக்கெட்ல அழுத்தி, ஸ்க்ரூ எதுவும் போடாம பாடியை தலைகீழா தூக்கிப் பாருங்க. கீழ ஒரு தலகாணியை போட்டுட்டு தூக்குங்க. கழுத்து விழாம தொங்கிட்டு இருந்தா அதுக்கு மேல இறுக்கம் தேவையில்ல.

ஸ்க்ரூ ஓட்டையில நிறைய பேர் கோட்டை விடறாங்க. பாடியில போடற ஓட்டை ஸ்க்ரூ உரசாம தாராளமா உள்ள போயிட்டு வர்ற அளவுக்கு இருக்கணும், மரை பிடிக்க வேண்டியது கழுத்துல மட்டும்தான். ரெண்டு மரத்துலயும் மரை பிடிச்சா நடுவுல இருக்கற இடைவெளி அப்படியே பூட்டிக்கும், எவ்ளோ முடுக்கினாலும் ஒட்டி உக்காராது. மேப்பிள் கழுத்துன்னா மூணு மிமீ சொச்சம் முன்துளை போட்டு, ஸ்க்ரூல கொஞ்சம் மெழுகு தடவி முடுக்குங்க, இல்லன்னா தலை முறிஞ்சு உள்ளயே நின்னுடும்.

எல்லாம் முடிச்சு கம்பி மாட்டினப்புறம் உயரம் கொஞ்சம் ஒத்து வரலன்னா? நாலு ஸ்க்ரூவை கழட்டி, பாக்கெட்டோட பின்னாடி ஓரத்துல விசிட்டிங் கார்டு ஒரு துண்டு வெட்டி வச்சு திரும்ப முடுக்கினா கதை முடிஞ்சுது. ஃபேக்டரிகாரங்களே பல வருஷமா இந்த மாதிரி துண்டு வச்சுத்தான் அனுப்பிட்டு இருந்தாங்க. இதுக்காகவே என் ஓட்டு போல்ட்-ஆனுக்கு.

குறைன்னு பாத்தா, கழுத்து பாடியில சேர்ற இடம் கட்டையா இருக்கும், 17-வது ஃபிரெட்டுக்கு மேல போனா உள்ளங்கையில இடிக்கும். ஸ்க்ரூவுக்கு இடம் விட்டுட்டு அந்த மூலையை ராவி உருட்டிட்டா பாதி பிரச்சனை தீர்ந்துடும்.

செட் நெக்

பாக்க அழகு இதுதான், நான் மறுக்கல. கிப்சன் கம்பெனி 1952-ல லெஸ் பால் மாடலை இறக்கினப்போ பழைய வயலின், மாண்டலின் செய்யற முறையிலயே கழுத்தை ஒட்டினாங்க, பாக்கறவங்க எல்லாரும் ஆசைப்படறது அந்த வளைஞ்ச மேல்பரப்பையும் பளபளன்னு ஓடற ஜாயின்ட்டையும்தான். ஆனா அந்த டிசைன்ல பிரிட்ஜ் பாடிக்கு மேல ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு எழும்பி நிக்கும், அந்த உயரத்துக்கு கம்பி போய்ச் சேரணும்னா கழுத்தை பின்னாடி சாய்க்கணும், 3-லிருந்து 5 டிகிரிக்குள்ள. இங்கதான் வீட்டு ஆளுக்கு வேர்க்கும். கழுத்து 16-வது ஃபிரெட்ல பாடியோட சேருதுன்னு வைங்க, அங்க இருந்து பிரிட்ஜுக்கு சுமார் 25 செமீ, சாய்வுல ஒரே ஒரு டிகிரி தப்பினா பிரிட்ஜ் கிட்ட நாலரை மிமீ ஏறியோ இறங்கியோ நிக்கும். ஏறினா பிரிட்ஜை எவ்ளோ தூக்கினாலும் பத்தாது, இறங்கினா முழுசா கீழ விட்டாலும் கம்பி வானத்துல நிக்கும். பசை போட்டாச்சு, இனி விசிட்டிங் கார்டு எல்லாம் வேலைக்கு ஆகாது, ஆவி காட்டி ஜாயின்ட்டை பிரிக்கறதெல்லாம் அதுல கை பழகினவங்க செய்ய வேண்டிய வேலை.

அதனால ஒட்டறதுக்கு முன்னாடி, பசை இல்லாமலே சேர்த்து வச்சு எல்லாத்தையும் பாத்துடணும். கழுத்தோட டெனானை (அடியில நீட்டிட்டு இருக்கற நாக்கு) பாடியில இருக்கற குழியில சொருகி, ஃபிரெட்டுங்க மேல ஒரு நேரான இரும்பு ஸ்கேலை படுக்க வச்சு, அதோட முனை பிரிட்ஜ் வர்ற இடத்துல பாடியில இருந்து எவ்ளோ உயரத்துல நிக்குதுன்னு அளக்கணும். சரியில்லன்னா டெனானோட அடியில உளியால சீவிட்டு திரும்ப. மறுபடி பக்கவாட்டு நேர். மறுபடி உயரம். ஒண்ணை சரி பண்ணா இன்னொண்ணு நகரும், பொறுமையா ஒரு நாள் முழுக்க இதுக்கே ஒதுக்கற ஆளா இருந்தா மட்டும் இந்தப் பக்கம் வாங்க.

பசை விஷயத்துலயும் ஒரு எச்சரிக்கை. ஆறு கம்பியும் ட்யூன்ல இருக்கும்போது மொத்தமா 45 கிலோவுக்கு மேல இழுத்துக்கிட்டே இருக்கும், ராத்திரி பகல் நிறுத்தாம. சாதாரண வெள்ளை பிவிஏ பசைக்கு இப்படி விடாத இழுவையில கொஞ்சம் கொஞ்சமா நழுவற குணம் உண்டு, அலமாரிக்கு அது போதும் கிட்டாருக்கு யோசிக்கணும். டைட்பாண்ட் ஒரிஜினல் மாதிரி மஞ்சள் பசையோ, பழைய முறைப்படி வஜ்ஜிரமோ போட்டுக்கங்க. தேக்குல ஒட்டறதா இருந்தா மேல இருக்கற எண்ணெயை அசிட்டோன் தொட்டு துடைச்சுட்டு உடனே ஒட்டணும், நாளைக்கு ஒட்டிக்கலாம்னு விட்டா எண்ணெய் திரும்ப மேல வந்து நிக்கும்.

லுக்குக்காக செட் நெக் வேணும், சாய்வு தலைவலி வேணாம்னா ஒரு குறுக்கு வழி இருக்கு. தட்டையான ஃபெண்டர் வகை பிரிட்ஜ் போட்டு, சாய்வே இல்லாம கழுத்தை ஒட்டிடுங்க. யாரும் உங்களை கேள்வி கேக்கப்போறதில்ல.

நெக்-த்ரூ

கிட்டாரிஸ்ட் லெஸ் பால் 1940 வாக்குல நாலுக்கு நாலு இன்ச் பைன் கட்டையை நடுவுல வச்சு, ரெண்டு பக்கமும் ஒரு பழைய கிட்டாரோட பாதி பாதியை ஒட்டி ஒண்ணு செஞ்சாரு, அதுக்கு பேரே ‘தி லாக்’. நடுக்கட்டை, ரெண்டு பக்கம் இறக்கை, நெக்-த்ரூவோட ஐடியாவும் அதேதான். அப்புறம் ரிக்கன்பேக்கர் 1957-ல பேஸ் கிட்டாருக்கும் கிப்சன் 1963-ல ஃபயர்பேர்டுக்கும் முழுசா அந்த முறையில போனாங்க.

எல்லாரும் இதுதான் மூணுலயும் கஷ்டம்னு சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். இழைப்புளியில கை பழகின ஆளுக்கு செட் நெக்கை விட இது ஈஸி. குடையறதுக்கு பாக்கெட் இல்ல, சீவறதுக்கு டெனான் இல்ல, நடுக்கோடு தலையில இருந்து கால் வரைக்கும் ஒரே கட்டையில ஓடுது, அதனால கழுத்து ஒரு பக்கம் பிரிட்ஜ் ஒரு பக்கம்னு போகவே வழியில்ல. இறக்கையோட ஓரத்தையும் நடுக்கட்டை ஓரத்தையும் இழைச்சு, ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சு ஜன்னல் வெளிச்சத்துல பாத்து, இடுக்குல வெளிச்சம் தெரியலன்னா ஒட்டிடலாம். நம்ம ஊர் ஆசாரி ஒருத்தர் துணைக்கு இருந்தா அரை மணி நேர வேலை.

சிக்கல் மரத்துலதான். கோணாத, முடிச்சு இல்லாத, நல்லா காஞ்ச கட்டை ஒரு மீட்டர் நீளத்துக்கு, 45 மிமீ கனத்துக்கு வேணும். மர டிப்போவுல பாக்க நேரா இருக்கும், அறுத்ததும் உள்ள இருந்த இறுக்கம் விட்டு வில்லு மாதிரி வளையும். சென்னை மாதிரி கடலோர ஊர்ல காத்து ஈரத்துக்கு மரம் 12 சதவீத ஈரத்துக்குக் கீழ இறங்கறதே பெரும்பாடு. ஒரே கட்டையா எடுக்காம மூணோ அஞ்சோ பட்டையா அறுத்து, ரேகை ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசையில வர்ற மாதிரி திருப்பி ஒட்டினா முறுக்கு ரொம்ப குறையும். அறுத்த பட்டையை வீட்லயே சில வாரம் சும்மா வச்சிருந்து, வளையறது வளைஞ்சு முடிஞ்சப்புறம் இழைங்க. அப்புறம் ஒண்ணு, ஃபிரெட் வேலையில சொதப்பினா, ட்ரஸ் ராட் (கழுத்து வளையாம உள்ள போடற இரும்புக் கம்பி) குழி ஆழமாயிட்டா, தூக்கிப் போட வேண்டியது கழுத்தை மட்டும் இல்ல, மொத்த கிட்டாரையும்.

கழுத்தை வாங்கறதா, செய்யறதா

இந்தக் கேள்வி போல்ட்-ஆன்ல மட்டும்தான் எழும்பும், அதுவே அதுக்கு இன்னொரு பிளஸ். ரெடிமேட் கழுத்து வாங்கறது ஏமாத்து வேலைன்னு நினைக்கறவங்க ராக் கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலனைப் பாக்கணும். 1970-கள்ல 50 டாலர் பாடியும் 80 டாலர் கழுத்தும் வாங்கி வீட்ல வச்சு கோத்ததுதான் அவரோட பேர்போன ஃப்ராங்கன்ஸ்ட்ராட் கிட்டார். எதிர்ப்பக்கம் பிரையன் மே, 1963-ல அப்பா ஹெரால்டோட சேர்ந்து ஆரம்பிச்சு, பழைய கணப்படுப்போட மகோகனி மரத்துல கழுத்தை கையாலயே செதுக்கி, ட்ரெமலோவுக்கு (கம்பியை ஆட்டி ஸ்ருதியை மாத்தற லிவர்) மோட்டார் பைக் வால்வு ஸ்பிரிங்கை போட்டாரு, அந்த ரெட் ஸ்பெஷலைத்தான் குயீன் ராக் குழுவுல இன்னிக்கு வரைக்கும் வாசிக்கறாரு.

நீங்களே கழுத்தையும் செய்யறதா இருந்தா ஃபிரெட் இடத்துல விளையாடாதீங்க. 25.5 இன்ச் ஸ்கேல்னா (நட்டு, அதாவது கழுத்து நுனியில கம்பி உக்கார்ற கட்டையில இருந்து பிரிட்ஜ் வரைக்கும் உள்ள நீளம்) 647.7 மிமீ, அதை 17.817-ஆல வகுத்தா முதல் ஃபிரெட் 36.35 மிமீல வரும், 12-வது சரியா பாதியில, 323.85-ல. ஒவ்வொண்ணையும் நட்டுல இருந்தே அளந்து கோடு போடுங்க, முந்தின ஃபிரெட்ல இருந்து அளந்தா சின்னச் சின்ன தப்பு கூடிக்கிட்டே போய் மேல ஸ்ருதியே சேராது. ஃபிரெட்போர்டுக்கு நம்ம ஈட்டி மரமே உலகத்தரம், வெளிநாட்டு கிட்டார்கள்ல இந்தியன் ரோஸ்வுட்னு போடறது இதைத்தான். ஆனா தமிழ்நாட்டுல ஈட்டி மரத்துக்குன்னு 1995-லயே தனிச் சட்டம் கொண்டு வந்தாங்க, அதனால பில்லோட விக்கற இடத்துல மட்டும் வாங்குங்க.

என் கணக்கு இதுதான். முதல் கிட்டார்னா போல்ட்-ஆன், கழுத்தை வாங்கிடுங்க, பாடியை நீங்க செய்யுங்க. ரெண்டாவதுக்கு அதே பாடிக்கு கழுத்தை நீங்களே செஞ்சு மாத்திப் பாருங்க, சரியா வரலன்னா பழைய கழுத்து பத்திரமா இருக்கு. மர வேலை ஏற்கனவே தெரிஞ்சவங்க நேரா நெக்-த்ரூவுக்குப் போகலாம். செட் நெக் மூணாவதுக்கு வச்சுக்கங்க. எந்த வழியா இருந்தாலும் பிரிட்ஜ் ஓட்டையை கடைசியில போடுங்க, கழுத்து உக்காந்தப்புறம் ரெண்டு ஓர ஈ கம்பிக்கு பதிலா நூல் கட்டி, நூல் ஃபிரெட்போர்டோட ரெண்டு ஓரத்துலயும் ஒரே அளவு தள்ளி ஓடுதான்னு பாத்துட்டு, நட்டுல இருந்து 12-வது ஃபிரெட் எவ்ளோவோ அதே தூரம் அங்க இருந்து சாடில் (பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற துண்டு) வரைக்கும் அளந்து, தடிமன் கம்பிப் பக்கம் சாடில் பின்னாடி ரெண்டு மூணு மிமீ நகர இடம் இருக்கான்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் டிரில்லை எடுங்க.