படலையடி வீட்டில் தங்கலாமா? இங்கிலாந்தின் கேட் லொட்ஜுகள்

லண்டனில் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிற கொழும்புக்காரர், இரண்டு மூன்று நாள் வெளியூரில் தங்க இடம் தேடினால் லாண்ட்மார்க் டிரஸ்ட் கண்ணில் படும். 1965இல் தொடங்கிய அறக்கட்டளை. அழியவிருந்த பழைய கட்டடங்களைத் திருத்தி வாடகைக்கு விடுகிறது. அவற்றில் பெரிய வளவுகளின் வாசலில் நிற்கும், காவல்காரன் குடியிருந்த சிறு வீடான கேட் லொட்ஜ் தனி ரகம். இருவருக்கு அருமை, பிள்ளை குட்டியோடு போக வேண்டாம்.

காரணம் கட்டடத்திலேயே இருக்கிறது. லொட்ஜைக் கட்டியது காவல்காரனின் வசதிக்காக அல்ல, குதிரை வண்டியில் வரும் விருந்தாளியின் கண்ணுக்காக. காசெல்லாம் ரோட்டுப் பக்கம்தான் போயிருக்கும்: கூரை விளிம்பில் செதுக்கிய பலகை, தேவைக்கு மிஞ்சிய உயரத்தில் புகைபோக்கி. பின்பக்கம் பெரும்பாலும் வெறும் சுவர். முன்னறை பல லொட்ஜுகளில் மூன்று முகமாக வெளியே தள்ளி நிற்கும். இரு பக்கமும் வரும் வண்டியை உள்ளிருந்தே பார்க்கத்தான் அந்த அமைப்பு. பார்க்க அழகு, ஆனால் அலுமாரி சுவரோடு ஒட்டாது. படலைக்கு இரு புறமும் சோடியாக நிற்பவை இன்னும் மோசம்: ஒன்றில் குசினி, மற்றதில் படுக்கை, நடுவே வண்டிப் பாதை. மழையில் தேத்தண்ணிக்குக் குடை பிடிக்க வேண்டும்.

பீட்டர்பரோவுக்கு அருகே ஆல்வால்டன் கிராமத்தில் உள்ள லிஞ்ச் லொட்ஜ் இந்த வரிசையில் விசித்திரமானது. கவிஞர் ஜோன் டிரைடனின் உறவினர் வாழ்ந்த மாளிகை 1807இல் இடிக்கப்பட்டபோது, அதன் வாசல் முன்மண்டபத்தை மட்டும் கல் கல்லாகப் பெயர்த்து இங்கே நிறுத்தி லொட்ஜ் ஆக்கிவிட்டார்கள். முன்மண்டபமே வீடு! இருவருக்குத்தான் இடம்.

பழைய லொட்ஜுகளில் ஈயப் பட்டியில் கோர்த்த சாய்சதுரக் கண்ணாடி யன்னல்கள் சாதாரணம். ஒற்றைக் கண்ணாடி என்பதால் விடியற்காலையில் உட்புறம் நீர் வழியும். அது ஒழுக்கல்ல, மூச்சுக்காற்றின் ஈரம். துணியால் துடைத்து, திறக்கக்கூடிய யன்னல் கதவைப் பத்து நிமிடம் திறந்து வைத்தால் போதும். பெட்டிகளை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். தனியார் விடும் லொட்ஜ் என்றால் படங்களில் சுவர் மூட்டுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சீமெந்து பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள் நிற்கும், கல்லும் உதிரும்.

லாண்ட்மார்க் டிரஸ்டில் வாடகை ஆளுக்கல்ல, கட்டடத்துக்கு. படுக்கை விரிப்பும் துவாயும் தருவார்கள். டிவி இல்லை. ஒவ்வொரு மாடியின் வரைபடத்தையும் இணையத்தளத்திலேயே போடுகிறார்கள், பதியுமுன் படிக்கட்டு எங்கே, குளியலறை எந்த மாடியில் என்று பார்த்துவிடுங்கள். வயதானவர்களுக்குச் சுழல் படி சரிவராது. நம் 13 அம்பியர் சதுரப் பின் பிளக் அங்கேயும் பொருந்தும், பழைய உருண்டைப் பின் பொருந்தாது. குசினி சிறியது: கடுகு, செத்தல் மிளகாய் தாளிக்குமுன் யன்னலைத் திறங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அலறும்.