வெற்றிலையா, அன்னமா: 2010 இல் போட்ட புள்ளடி

புலிகளுக்கு எதிரான போருக்கு உத்தரவு போட்ட இலங்கை ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச ஒரு பக்கம், அதைக் களத்தில் நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா மறுபக்கம். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதத்தில், 2010 ஜனவரி 26 ஜனாதிபதித் தேர்தலில், இந்த இரண்டு பேரில் ஒருவரைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். சீட்டில் 22 பெயர் இருந்தாலும் கண்ணுக்குப் பட்டது மகிந்தவின் வெற்றிலைச் சின்னமும் பொன்சேகாவின் அன்னச் சின்னமும்தான். நான் அன்னத்துக்குப் போட்டேன். தமிழன் எப்படி அந்தாளுக்குப் போடலாம் என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நல்லவர் என்று போடவில்லை. இந்த நாடு சிங்களவருக்கு உரியது என்று 2008 இல் கனடாப் பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னவர் அவர். மகிந்தவைப் பற்றி எங்கட ஆக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவக்கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று: வென்ற பிறகு யாரில் பிடி இருக்கும்? 1978 அரசியலமைப்பின்படி ஒரு ஜனாதிபதியை இடையில் இறக்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டும் வேண்டும், உயர் நீதிமன்ற விசாரணையும் வேண்டும். லேசில் நடக்காது. அதனால் ஆள் எதில் ஊன்றி நிற்கிறார் என்பதுதான் முக்கியம். மகிந்தவுக்குக் கட்சியும் அரச இயந்திரமும் கையில், பாதுகாப்புச் செயலாளர் தம்பி. பொன்சேகாவுக்குச் சொந்தக் கட்சியே கிடையாது, சின்னமும் இரவல். ஒன்றுக்கொன்று ஆகாத ஐக்கிய தேசியக் கட்சியும் இடதுசாரி ஜேவிபியும் சேர்ந்து தாங்கிப் பிடித்தன. இங்கே தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கைகொடுத்தது. யாராவது ஒருவர் கையை எடுத்தால் ஆள் ஆடிப்போவார். அந்த ஆட்டம்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

வடக்கு கிழக்கில் அன்னம் முந்தியும் நாடு முழுக்க 57.88 வீதத்தோடு மகிந்த வென்றார். செப்டெம்பரிலேயே 18 ஆவது திருத்தம் வந்து, இரண்டு தவணை என்ற வரம்பு போய்விட்டது. 2015 இல் அதே இரவல் அன்னத்தில் நின்று ஜனாதிபதியாக வந்த சிறிசேன 19 ஆவது திருத்தத்தால் வரம்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். என் கணக்குக்கு அது ஒரு சாட்சி. ஆனால் 2018 இல் பிரதமரைத் திடீரென்று தூக்கியவரும் அவர்தான், ஆகவே முழுச் சாட்சி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பொன்சேகா ஆண்டு பார்க்கவே இல்லை, தேர்தல் முடிந்து இரண்டு கிழமைக்குள் அவரையே பிடித்து அடைத்துவிட்டார்கள். வென்றிருந்தால் தாங்கியவர்களை உதறியிருப்பாரோ, யார் கண்டது?

வீட்டில் இருந்திருக்கலாமே என்பார்கள். யாழ் மாவட்டத்தில் நாலில் ஒருவர்தான் போட்டார்கள். அன்று காலை குண்டுச் சத்தம் வேறு, போக மனம் வராததில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் 2005 தேர்தலை வடக்கில் தமிழர் புறக்கணித்தபோது மகிந்த இரண்டு இலட்சத்துக்கும் குறைந்த வாக்கில் ஏறியதை மறக்க முடியவில்லை.

மனச்சாட்சி உறுத்துகிறவர்களுக்குச் சீட்டிலேயே ஒரு வழி இருந்தது: சுயேச்சையாக நின்ற தமிழ் வேட்பாளர் சிவாஜிலிங்கத்துக்கு 1, பொன்சேகாவுக்கு 2 என்று இலக்கம் இடலாம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் அந்த 2 எண்ணப்படும். எங்கள் ஒழுங்கையில் அப்படிப் போட்டதாகச் சொன்னவர் என் சித்தப்பா ஒருவர்தான். மற்ற எல்லோரும் ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X).