பழைய ப்ராசஸ் ஷீட்டைத் திருத்துவதா, விதிகளை வைத்துப் புதிதாக எழுதுவதா?

ஒரு பாகத்தை எந்த மெஷினில், எந்த வரிசையில், எந்த டூலில், எப்படிப் பிடித்து வெட்டுவது என்று சொல்லும் திட்டத் தாள்தான் ப்ராசஸ் ஷீட். அதை எழுதித் தருவதைக் கணினியிடம் ஒப்படைக்க இரண்டு வழிகள் 1970-களிலிருந்தே போட்டி போடுகின்றன. ஒத்த பாகத்தின் பழைய திட்டத்தைத் தேடி எடுத்துத் திருத்துவது வேரியன்ட் முறை. வடிவம், டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் விலகல்), மெட்டீரியல் ஆகியவற்றைக் கொடுத்தால் விதிகளைக் கொண்டு கணினியே திட்டத்தை உருவாக்குவது ஜெனரேட்டிவ் முறை. எங்கள் பிரிவில் இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டி வந்தபோது வேரியன்ட் பக்கம் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன். எங்களுடையது ஷாஃப்ட், கியர், புஷ் எனத் திரும்பத் திரும்ப வரும் வேலை. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

வேரியன்டைத் தொடங்குவது எளிது. ஜெனரேட்டிவில் ஆளுக்கொரு மாதிரித் திட்டம் வராது. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்ததே, அதில் நிற்க வேண்டாம்.

வேரியன்டுக்கு முதலில் பாகங்களைக் குடும்பமாகப் பிரிக்க வேண்டும். ஜெர்மனியின் ஆகனில் உருவான ஓப்பிட்ஸ் குறியீடு இதற்கு இன்னும் நல்ல அடித்தளம். வடிவத்துக்கு 5 இலக்கங்கள், அளவு, மெட்டீரியல், மூலப்பொருளின் வடிவம், துல்லியம் ஆகியவற்றுக்கு 4 துணை இலக்கங்கள். சுழல் பாகமானால் நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் முதல் இலக்கத்திலேயே வந்துவிடும். 0.5 வரை ஒரு வகுப்பு, 3-க்குக் கீழ் இன்னொன்று, அதற்கு மேல் வேறொன்று. லேத்தில் எப்படிப் பிடிப்பது என்பதே பெரும்பாலும் இந்த விகிதத்தில் அடங்கிவிடுகிறது. தட்டையான வட்டுக்கு ஒரு பக்கம் கவ்வும் சக் போதும், நீண்ட ஷாஃப்டுக்கு இரு பக்கமும் முனையைத் தாங்கும் சென்டர் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. குடும்பத்துக்கென ஒரு மூலத் திட்டம் வைத்து அதிலிருந்துதான் நகல் எடுக்க வேண்டும். ‘போன ஆர்டரில் ஓடியதே’ என்று கடைசி ஷீட்டை நகலெடுத்தால், மெஷின் பழுதான அன்று செய்த தற்காலிக மாற்றம்கூட நிரந்தரமாகிவிடும்.

ஜெனரேட்டிவ் பக்கம் வருவோம். எச்7 என்பது துளைக்கான ஒரு டாலரன்ஸ் வகுப்பு. 25 மி.மீ. எச்7 துளை என்றால் டாலரன்ஸ் 21 மைக்ரான். ‘எச்7 வந்தால் ட்ரில், அப்புறம் ரீமர்’ என்று விதி எழுதிவிடலாம். ஆனால் ரீமர், அதாவது துளையை இறுதி அளவுக்குக் கொண்டுவரும் டூல், ஏற்கெனவே உள்ள துளையின் போக்கிலேயே போகும்; அளவைச் சரிசெய்யும், இடத்தைச் சரிசெய்யாது. துளை இருக்க வேண்டிய இடத்துக்கும் இறுக்கமான டாலரன்ஸ் இருந்தால் நடுவில் துளையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும் ஒரு போரிங் வெட்டு வேண்டும். அதற்கு விதி இன்னொரு நிபந்தனையைப் பார்க்க வேண்டும். அந்த டாலரன்ஸ் 3டி மாடலில் இல்லாமல் டிராயிங்கில் மட்டும் இருந்தால் விதிக்குப் பார்க்க எதுவுமே இல்லை. 3டி மாடல் தரவைப் பரிமாறுவதற்கென 2014-ல் வந்த ஐஎஸ்ஓ 10303-242 தரநிலையில் டாலரன்ஸையும் மாடலோடு சேர்த்து அனுப்ப வழி உண்டு. அனுப்புபவர் அதை நிரப்பினால்தான் பயன்.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு.

‘ஒரு விதியை மாற்றினால் எல்லாத் திட்டங்களும் மாறிவிடும்’ என்பதுதான் ஜெனரேட்டிவ் முறையை விற்பவர்கள் முதலில் சொல்வது. தொடர் உற்பத்தியில் எனக்கு அதுதான் பயம். ப்ராசஸ் ஷீட் தனியாக நிற்பதில்லை. அதோடு பாகத்தைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சர், அளவைச் சோதிக்கும் கேஜ், மெஷினை ஓட்டும் என்சி ப்ரோக்ராம், ஆய்வுத் தாள் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. கார்புரைஸ் செய்யும், அதாவது மேற்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினமாக்கும், கியர் ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்த பாகத்தில் 0.6 மி.மீ. கடினப் படலம் வேண்டும். கிரைண்டிங்கில் பக்கத்துக்கு 0.2 போகும் என்பதால் ஹீட் ட்ரீட்மென்டில் 0.8 ஏற்றுகிறோம். யாரோ வேறொரு பாகத்துக்காகக் கிரைண்டிங் அளவு விதியை 0.3 ஆக்கினால், இந்த ஷாஃப்டின் படலம் சத்தமில்லாமல் 0.5 ஆகிவிடும். லேத் ப்ரோக்ராமும் டர்னிங் கேஜும் பழைய அளவிலேயே நின்றுவிட்டாலோ, ஷீட் சொல்வது ஒன்று, மெஷினில் நடப்பது வேறாகிவிடும். வாகன உதிரிபாகம் என்றால் கதை இன்னும் நீளம்: ப்ராசஸ் மாறியதை வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, பிபிஏபி ஒப்புதலை (உற்பத்திக்கு முன் பாகத்துக்கும் ப்ராசஸுக்கும் வாடிக்கையாளர் தரும் ஒப்புதல்) மறுபடியும் வாங்க வேண்டி வரலாம். ஆகவே ஒவ்வொரு விதி மாற்றத்துக்கும் பிறகு எந்தெந்தப் பாகங்களின் திட்டம் மாறியது என்று ஓட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். விதிகளை எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டால், அடுத்து வருபவர் எதைத் தொட்டால் எது அசையும் என்று தெரியாமல் புதிய விதிகளைப் பழையதன் மேல் அடுக்கத் தொடங்குவார்.

வேரியன்டிலும் பராமரிப்பு உண்டு. ஒரு மெஷினை எடுத்துவிட்டால், அது வரும் குடும்பங்களைத் தேடித் தேடித் திருத்த வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் திருத்துபவர் ஒவ்வொரு ஷீட்டையும் கண்ணால் பார்க்கிறார், எது மாறியது என்பது அவர் கையெழுத்தோடு ரிவிஷனில் இருக்கிறது. அனுபவமுள்ள ஆபரேட்டர் படித்து ‘இது சரிவராது’ என்று சொல்லவும் முடிகிறது. விதி அட்டவணையைக் காட்டி அவரிடம் அப்படிக் கேட்க முடியாது.

ஒற்றைப் பாகங்களாக வரும் டை, மோல்டு வேலை என்றால் இந்த வாதம் பெரிதும் வலுவிழக்கும். அங்கே தேடி எடுக்கப் பழைய திட்டமே இருக்காது, உறைய வைக்க வேண்டிய ஒப்புதலும் குறைவு. நிறைய பாக்கெட்டும் துளையும் உள்ள 5 அச்சு வேலையிலும் ஜெனரேட்டிவே முந்தலாம். அதில் என் அனுபவம் மெலிது, அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஜெனரேட்டிவிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கிக்கொண்டோம். வெட்டு வேகத்தை மூலத் திட்டத்தில் எழுதுவதில்லை. மெட்டீரியலும் இன்செர்ட் கிரேடும் (மாற்றிப் பொருத்தும் வெட்டு முனையின் ரகம்) சேர்ந்த தனி அட்டவணையிலிருந்து, விட்டத்தைக் கொண்டு ஆர்பிஎம் கணக்காகிவிடும். புது ஷீட் திறக்கும்போதும் ரிவிஷன் போடும்போதும் மட்டுமே அட்டவணை படிக்கப்படும். ஒப்புதல் பெற்று ஓடிக்கொண்டிருக்கும் ஷீட்டை அது தொடுவதில்லை.