உள்ளங்கை வியர்வைக்கு அறுவை சிகிச்சை: ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்

தேர்வறையில் விடைத்தாளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டுதான் எழுதுவேன். இல்லாவிட்டால் மை கலைந்து தாள் ஊறிவிடும். அலுமினியம் குளோரைடு கரைசலைத் தடவியதில் தோல் எரிந்ததுதான் மிச்சம். தண்ணீர்த் தட்டில் கைகளை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் அயன்டோபோரெசிஸ் ஓரளவு கேட்டது; நிறுத்திய சில வாரங்களில் பழைய கதை. போடாக்ஸ் ஊசியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை போட வேண்டும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

கடைசியில் அறுவை சிகிச்சைக்குப் போனேன். முழு மயக்கம் கொடுத்து, அக்குளில் சிறு துளைகளிட்டு, ஒரு பக்க நுரையீரலைத் தற்காலிகமாகச் சுருங்க வைத்து, முதுகெலும்பை ஒட்டி இறங்கும், வியர்வையைத் தூண்டும் பரிவு நரம்புச் சங்கிலியை மூன்றாம் விலா எலும்பின் மட்டத்தில் துண்டித்தார்கள். பிறகு மறுபக்கமும் அவ்வாறே. கண் விழித்ததும் விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தேன்: காய்ந்து, வெதுவெதுப்பாக, வேறொருவர் கை போல இருந்தன. மூச்சை ஆழ இழுத்தால் முதுகில் குத்தும் வலி மட்டும் மூன்று வாரம் நீடித்தது. பாத வியர்வை குறையவில்லை.

சிக்கல் முதல் கோடையில் வந்தது. கைகள் காய்ந்ததற்குப் பதிலாக உடலின் வேறு இடங்களில் கூடும் ஈடுகட்டும் வியர்வை 'கொஞ்சம் இருக்கும்' என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தக் 'கொஞ்சம்' என்பது மார்புக்குக் கீழே வயிறு, முதுகு, தொடை என எல்லா இடமும் நனைந்து, நாற்காலியிலிருந்து எழும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வது என்று எனக்குப் பிறகே புரிந்தது. பையில் மாற்றுச் சட்டை இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. முகமும் கைகளும் மட்டும் சொட்டு ஈரமின்றி இருக்கும். காய்ந்த விரலால் தாளைப் புரட்ட முடியாமல் நாக்கில் தொட்டுக்கொள்கிறேன் என்பது வேடிக்கைதான்.

கை குலுக்கத் தயங்கிய காலத்தை நினைத்தால் சிகிச்சையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயினும், நரம்பை வெட்டாமல் கிளிப் போட்டால் பின்னர் கழற்றிவிடலாம் என்று யாரேனும் தேற்றினால், அதை நம்பி மட்டும் இறங்காதீர்கள். கழற்றினாலும் நரம்பு பழையபடி இயங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மருத்துவரிடம் எந்த மட்டத்தில் வெட்டப் போகிறார் என்று கேளுங்கள்; மேலே போகப் போக இமை தொங்கும் அபாயம் கூடுகிறது.

இப்போது முதுகுக்காகக் கோடையில் வியர்வையைக் குறைக்கும் கிளைகோபைரோலேட் மாத்திரை எடுக்கிறேன். வாய் வறண்டாலும் சமாளிக்க முடிகிறது. கைகளுக்கென்று இதை அன்றே முயன்று பார்க்கும்படி எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.