டென்ஸா, வேகஸ் நரம்புத் தூண்டலா?

வலிக்கும் மனச்சோர்வுக்கும் பேசப்படும் இவை இரண்டும் நரம்பைத் தூண்டும் மின்சாரம்தான், வேலை வேறு. டென்ஸ் (TENS) என்பது தோல்வழியே நரம்பைத் தூண்டும் வலிநிவாரணக் கருவி. அதன் பட்டைகளைத் தோலில் ஒட்டினால் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. அது தண்டுவடத்தில் வலிச் செய்திக்குக் கதவடைக்கிறது என்பது 1965இல் மெல்சாக், வால் (Wall) என்ற இரு ஆய்வாளர்கள் தந்த கோட்பாட்டின்படியான விளக்கம். இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிடுவோமே, அதே சூத்திரம். கழற்றினால் பலன் சீக்கிரமே மங்கும். மனநிலைக்கு இதை நம்ப வேண்டாம்.

வேகஸ் என்பது மூளையிலிருந்து கழுத்து வழியே வயிறுவரை போகும் நரம்பு. அதைத் தூண்டும் வழக்கமான முறைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும். மார்புத் தோலுக்கடியில் கருவி, கழுத்தில் அந்த நரம்பைச் சுற்றிய கம்பி. பெரும்பாலும் 30 விநாடி ஓடி 5 நிமிடம் ஓயும். ஓடும்போது குரல் கரகரக்கும். அமெரிக்காவில் 1997இல் வலிப்புக்கு அனுமதி பெற்றது. வைத்துக்கொண்டவர்களுக்கு மனமும் தெளிந்ததைக் கவனித்தார்கள். 2005இல் மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கும் அனுமதி கிடைத்தது. பலன் தெரிய மாதக்கணக்காகும். வெறும் முதுகுவலிக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் டென்ஸைத் தொடுமுன் மருத்துவரைக் கேட்கட்டும்.